அளவுப் பூசணி

டைலர், கடையிலிருந்து ஒரு பூசணிக்காயை வாங்கிவந்து, பெண்டாட்டி வளர்த்த கொடியில் வைத்துத் தைத்துவிட்டார் என்பதுதான் ஊர்ப் பேச்சு. சும்மா கட்டவில்லையாம். கோட்டுப் பொத்தானுக்குப் போடுவதுபோல இரட்டை நூல் கோத்து, காம்போடு காம்பு சேர்த்து, முடிச்சே வெளியே தெரியாமல் தைத்தாராம். தோட்டம் பார்க்க வந்த ஒரு அம்மா ஆசையாகத் தொட்டாராம், தையல் விட்டுப்போய்க் காய் அவர் காலிலேயே விழுந்ததாம், கட்டைவிரல் எலுமிச்சை அளவுக்கு வீங்கியதாம். சலூனில் இது ஒரே ஒரு காயாக இருந்தது. பேக்கரிக்கு வருவதற்குள் நான்கு ஆகிவிட்டது. பஸ் நிறுத்தத்தில் கேட்டால் கொடியே பிளாஸ்டிக் என்கிறார்கள். அந்த வீங்கிய விரல் யாருடையது என்று கேட்டால் மட்டும் எல்லோருக்கும் பஸ் வந்துவிடுகிறது.

ஊசி உண்மை. நூல் உண்மை. கடைப் பூசணிக்காயும் உண்மைதான். மிச்சமெல்லாம் வாய்க்கு வேலை இல்லாதவர்கள் போட்ட எம்பிராய்டரி. நடந்தது இதுதான்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு காலி மனை குப்பைமேடாகக் கிடந்தது. அக்கம்பக்கத்துக்காரர்கள் சேர்ந்து அதைச் சுத்தம் செய்து, கயிறு பிடித்துப் பாத்தி பிரித்து, ஆளுக்கு ஒரு துண்டு எடுத்துக்கொண்டார்கள். கடைசித் துண்டு டைலரின் மனைவிக்கு விழுந்தது. செங்கல் உடைசலும் கண்ணாடிச் சில்லும் அதிகம் என்று எல்லோரும் ஒதுக்கிய துண்டு. அந்த அம்மா வாளி வாளியாகச் சில்லைப் பொறுக்கி வெளியே கொட்டினார். யாரோ தூக்கிப்போட்ட கட்டில் கம்பிகளை வளைத்து, பாதையின் குறுக்கே ஒரு வளைவு நட்டார். அதன்மேல் மஞ்சள் பூசணிக் கொடியை ஏற்றினார். அந்த வளைவுக்குக் கீழே நுழைந்துதான் தோட்டத்தைவிட்டு வெளியே போக வேண்டும். வீட்டில் அவர் சொந்தமாகச் சொல்லிக்கொள்ள ஒரு அலமாரித் தட்டுகூடக் கிடையாது, எல்லாத் தட்டிலும் அடுத்தவர் துணி. அந்தத் துண்டு மண் மட்டும்தான் அவருடையது.

டைலருக்குத் தோட்டத்தைப் பற்றித் தெரிந்ததெல்லாம் தட்டில் வந்து விழும் காய்தான். அவர் உலகம் ஒரு தையல் மெஷின், ஒரு கண்ணாடி, அளவு பார்க்க ஒரு திரை மறைப்பு. கழுத்தில் எப்போதும் டேப் தொங்கும். பயம் வந்தால் அதன் நுனியை ஆள்காட்டி விரலில் சுற்றுவார். துணியில் கத்தரி வைப்பதற்கு முன் எப்போதும் சுற்றுவார். வெட்டிய துணியை ஒட்ட முடியாது அல்லவா, அந்தப் பயம் தொழிலோடு வந்தது.

மகளுக்குப் பிரசவம் என்று மனைவி வெளியூர் கிளம்பினார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியாகச் சொன்னார்.

"என்னங்க, தண்ணி மட்டும் ஊத்துங்க. வேற எதையும் தொடாதீங்க. உங்க கை சும்மா இருக்காது, எனக்குத் தெரியும்."

"நான் எதுக்கும்மா தொடப்போறேன்?"

"பிஞ்சு விட்டதும் சொல்லுங்க. தோட்டம் பாக்க ஆளுங்க வர்ற அன்னிக்கு நான் வந்துடுவேன்."

அந்தத் தோட்டம் பார்க்கும் நாளை நினைத்தால்தான் டைலருக்குப் பயம். ஊர்க்காரர்கள் கூட்டமாக வந்து ஒவ்வொரு பாத்தியாகச் சுற்றிப் பார்ப்பார்கள். அதற்கான ஏற்பாட்டுக் கூட்டம் நூலகத்தின் பின்னறையில் நடந்தது. தலைமை, எல்லோரும் பெரிய டீச்சர் என்று அழைக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. ஓய்வுபெற்றாலும் விசிலை மட்டும் பள்ளிக்கூடத்திலேயே விட்டுவிட்டு வர அவருக்கு மனசு வரவில்லை. மனைவிக்குப் பதிலாக டைலர் போய் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"பழைய விதிதான், இருந்தாலும் ஞாபகப்படுத்தறேன்," என்றார் டீச்சர். "பாத்திப் பலகையில என்ன காய் பேர் எழுதியிருக்கோ அது அன்னிக்குச் செடியில இருக்கணும். இல்லைன்னா பாத்தி அடுத்த ஆளுக்கு. இடம் பிடிச்சுட்டு அதுல துணி காயப்போட்ட ஆளுங்களை எல்லாம் நாம பாத்திருக்கோம்."

அடுத்த ஆள் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். மருந்துக்கடைக்காரர். கையில் மண் இல்லாமல் மாடியில் தொட்டி வைத்து மாரடிப்பவர். இடம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், இப்போது கேட்காமலேயே கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்துவிடுகிறார். அவர் டைலரைப் பார்த்துச் சிரித்தார். டைலர் டேப்பைச் சுற்றினார்.

"இன்னொண்ணு," டீச்சர் விசிலைத் தட்டினார். "பாத்தி நறுவிசா இருக்கணும். வாடினது, வத்தினது, காய்க்காதது, எதுவும் கண்ணுல படக்கூடாது."

டைலருக்கு அந்த மொத்தக் கூட்டத்தில் புரிந்த ஒரே விஷயம் இதுதான். பிசிறு வெட்டச் சொல்கிறார்கள். அது அவருக்குக் கைவந்த வேலை.

மறுநாள் காலையிலேயே நூல் வெட்டும் சின்னக் கத்தரியோடு வளைவின் கீழ் போய் நின்றார். கொடி முழுக்கப் பூ. உற்றுப் பார்த்தார். சில பூவுக்கு அடியில் கோலிக்குண்டுபோல ஒரு முடிச்சு இருந்தது. பலதுக்கு இல்லை, வெறும் நீளக் காம்புதான். முடிச்சு உள்ளது காயாகும், இல்லாதது வெறும் பிசிறு என்று அவருக்கு அவரே பாடம் நடத்திக்கொண்டார். பொத்தான் வைத்த சட்டையில் தொங்கும் நூல்களை எடுப்பதுபோல, ஒன்று விடாமல் எடுத்தார். தினமும் எடுத்தார். மொட்டாக இருக்கும்போதே எடுத்தார். கொடி அவ்வளவு நறுவிசாக ஆகிவிட்டது. டீச்சர்கூட ஒருநாள் நின்று, "உங்க வீட்டம்மாவைவிட நீங்க சுத்தம்," என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று டைலர் மெஷினில் பாட்டு முணுமுணுத்தார்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மனைவி போன் பண்ணுவார்.

"பிஞ்சு வெச்சிருச்சா?"

"வெச்சிருக்கு வெச்சிருக்கு."

"எத்தனை?"

"நிறைய."

அது பொய் இல்லை, அப்போது. பொய்யானது அடுத்த வாரம். கோலிக்குண்டு முடிச்சுகள் மஞ்சளாகின. பிறகு சுருங்கின. தொட்டால் கையோடு வந்தன. டைலர் அவற்றைக் கீழே கிடக்க விடவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கடைக்குப் போய் வெட்டுத்துணி மூட்டைக்குள் புதைத்தார். யாராவது பார்த்துவிட்டால்? தண்ணீரைக் கூட்டினார். குறைத்தார். ஒரு நாள் கொடியிடம் கெஞ்சியும் பார்த்தார். மத்தியானம் போன் அடித்தால் மெஷினை ஓடவிட்டு, சத்தத்துக்கு மேல் கத்தினார்.

"பூசணி எப்படிங்க?"

"தொங்குது!"

சோறு இறங்கவில்லை. ஒரு வாடிக்கையாளரின் முழுக்கைச் சட்டைக்கு ஒரு கையை மட்டும் அரைக்கையாக வெட்டிவிட்டார். தொழிலில் அப்படி ஒன்று அவருக்கு நடந்ததே இல்லை.

அன்று சாயங்காலம் தோட்டத்தில் மருந்துக்கடைக்காரர் நின்றுகொண்டிருந்தார். கட்டப்போகும் வீட்டைப் பார்க்க வந்தவர்போல வளைவை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். டைலருக்கு அவரிடம் பேசப் பயம். ஆனால் பேசாமல் இருக்க அதைவிடப் பயம்.

"அண்ணே, எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் வீட்ல பூசணி பிஞ்சு நிக்கவே மாட்டேங்குது."

"ஓஹோ. தெரிஞ்சவரா." மருந்துக்கடைக்காரர் கொடியை மேலிருந்து கீழே பார்த்தார். "அந்தத் தெரிஞ்சவர் ஆண் பூவை எல்லாம் என்ன பண்ணாரு?"

"ஆண் பூவா?"

"அடியில பிஞ்சு இல்லாம, வெறும் காம்போட இருக்குமே."

டைலரின் கை தன்னால் சட்டைப்பைக் கத்தரியைத் தொட்டது. மருந்துக்கடைக்காரர் அந்தக் கையைப் பார்த்தார். அப்புறம் அவர் சிரித்த சிரிப்புக்கு வளைவு ஆடியது.

"யோவ் டைலர்! ஊர்ல இருக்கற மாப்பிள்ளையை எல்லாம் நீங்களே வெட்டிப் போட்டுட்டு, பொண்ணுக்கு இன்னும் வரன் அமையலையேன்னு உக்காந்திருக்கீங்களா? அந்த மகரந்தம் இந்தப் பூவுல விழுந்தாத்தானே காய்!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொடியின் உச்சியைக் காட்டினார். "இதோ, இந்தப் பெண் மொட்டு நாளைக்குக் காலையில விரியும். அதுக்கப்புறம் வர்றது எதுவும் அந்த நாளுக்குள்ள காயாகாது. பாவம், அதுவும் கன்னியாவே போகப்போகுது." சொல்லிவிட்டு வளைவை இன்னொரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

டைலர் அங்கேயே பாத்திக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். வாளி வாளியாகச் சுமந்த கண்ணாடிச் சில்லு அவர் கண்முன் வந்தது. ஊர் சொல்லப்போவது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. பஸ்ஸைவிட்டு இறங்கி நேராக இங்கே வந்து நிற்கப்போகும் முகத்துக்குத்தான் பயந்தார்.

மற்ற பாத்திகளில் பூசணி கிடையாது. ஒருவர் வைத்ததை இன்னொருவர் வைக்கக்கூடாது என்பதும் டீச்சர் போட்ட உத்தரவு. வெளிச்சம் இருக்கும்போதே தெருத் தெருவாகப் போனார். ஒவ்வொரு மதில் சுவரிலும் கை ஊன்றி எட்டிப் பார்த்தார்.

"யாருங்க அது? என்ன வேணும்?" என்று ஒரு வீட்டில் அதட்டல்.

"பூசணிப் பூ இருக்கான்னு..."

"நல்லா இருக்குதே! திருடறதுதான் திருடறீங்க, காயைத் திருடக்கூடாதா?"

அப்படியே குனிந்த தலையோடு மெயின் ரோட்டுக்கு வந்தார். மருந்துக்கடையைத் தாண்டும்போது எதற்கோ நிமிர்ந்தார். மாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேலே ஒரு பூசணிக் கொடி. அதில் நாளைக்கு விரியக் காத்திருக்கும் மஞ்சள் மொட்டுகள். எல்லாம் நீளக் காம்பு. எதற்கும் அடியில் முடிச்சு இல்லை.

டைலர் டேப்பை விரலில் சுற்றினார். விரல் நுனி சிவந்தது. ஊரில் வேறு எவன் மாடியிலாவது இருந்திருக்கக்கூடாதா?

விடிந்ததும் போய்க் கதவைத் தட்டினார். மருந்துக்கடைக்காரர் தோளில் துண்டும் வாயில் பிரஷ்ஷுமாகத் திறந்தார்.

"அண்ணே, ஒரு பூ."

வாயில் நுரையோடு அவர் டைலரைப் பார்த்தார். பிரஷ்ஷை எடுத்தார். "என்கிட்டயே வந்து கேக்கறீங்க பாருங்க."

"வேற எங்கண்ணே போவேன்?"

"நான் குடுக்கலைன்னா அந்த இடம் எனக்கு. தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் வந்தீங்களா?"

"வெயில் ஏறுனா பூ மூடிக்குமாமே அண்ணே."

மருந்துக்கடைக்காரர் உள்ளே போனார். வாய் கொப்பளிக்கும் சத்தம் கேட்டது. நெடுநேரம் கொப்பளித்தார். ஒரு மனிதனுக்கு அவ்வளவு பல் இருக்க நியாயமே இல்லை. டைலர் வாசலில் வெயிலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அது எதிர்வீட்டுச் சுவரில் இறங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் அவர் மாடியிலிருந்து இறங்கி வந்தபோது, மாத்திரை போட்டுக் கொடுக்கும் காகித உறைக்குள் பெரிய பூ ஒன்று இருந்தது.

"என் கொடியில ஒரு தடவைகூட ஒரு காய் நின்னதில்ல," என்றார் அவர், டைலரைப் பார்க்காமல். "வெறும் பூ, வெறும் பூ. வீட்ல கேலி பண்றா. இதாவது எங்கயாவது போய்க் காய்ச்சுத் தொலையட்டும்."

டைலர் கையை நீட்டினார்.

"கைய எடுங்க. நானே கொண்டுவர்றேன். உங்ககிட்ட குடுத்தா இதையும் வெட்டிருவீங்க."

இரண்டு பெரிய மனிதர்கள் ஒரு பூவைத் தூக்கிக்கொண்டு தெருவில் அரை ஓட்டமாக ஓடியதைப் பால் வாங்க வந்தவர்கள் பார்த்தார்கள். யார் வீட்டிலோ உடம்புக்கு முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து வழிவிட்டார்கள். தோட்டத்தில் பெண் பூ விரிந்து, ஓரம் லேசாகச் சுருங்க ஆரம்பித்திருந்தது. மருந்துக்கடைக்காரர் தன் பூவின் இதழைக் கிள்ளிப்போட்டுவிட்டு, நடுத்தண்டை அதற்குள் விட்டு, கண்ணுக்குச் சொட்டு மருந்து போடும் கவனத்தோடு தொட்டுத் தொட்டு எடுத்தார்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். இனிமே அது பாடு."

பிஞ்சு மஞ்சளாகவில்லை. ஒவ்வொரு காலையும் டைலர் கண்ணை மூடிக்கொண்டு வளைவுக்குக் கீழ் போய், ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். எலுமிச்சை ஆனது, மாதுளை ஆனது. மருந்துக்கடைக்காரர் கடை திறக்கும் முன் வந்து, "எங்க பையன் குடும்பம் எப்படி இருக்கு?" என்று விசாரித்துவிட்டுப் போனார். கனம் கூடக் கூட, காம்பு வளைந்தது. டைலருக்குப் புதுப் பயம் பிடித்தது. காற்றில் ஆடினால் அறுந்துவிடுமே! மனைவியாக இருந்தால் பழைய துணியில் தொட்டில் கட்டியிருப்பார். டைலர் துணியை எடுத்தார், மறுபடி கீழே வைத்தார். அளவு இல்லாமல் எப்படித் தைப்பது? பிஞ்சின்மேல் டேப் போட்டு இழுத்தால் கையோடு வந்துவிடும். அளவுச் சட்டை கொண்டு வராதவருக்கு அவர் எந்தக் காலத்திலும் சட்டை தைத்ததில்லை.

மார்க்கெட்டுக்குப் போனார். கூடையைக் கிளறி, கண்ணாலேயே அளந்து, அதே உருவத்தில் ஒரு குட்டிப் பூசணி வாங்கினார். சாயங்காலம் வளைவின் கீழ் உட்கார்ந்து, கடைப் பூசணியை மடியில் வைத்து, அதன்மேல் துணியை மடித்துப் பிடித்து, மேலே தொங்குவதை ஒரு தடவை, மடியில் இருப்பதை ஒரு தடவை என்று பார்த்துப் பார்த்து ஊசி ஓட்டினார். அந்த நேரம் பார்த்து, சுற்றிப் பார்க்கும் நாளுக்கு ஒத்திகை நடை வந்த பெரிய டீச்சர் வளைவுக்குள் நுழைந்தார்.

மடியில் கடைக்காய். தலைக்குமேல் கொடி. கையில் நூல். டைலரின் உதட்டுக்கு நடுவே இன்னொரு ஊசி.

"என்ன பண்றீங்க?"

"ம்ம்," என்றார் டைலர். ஊசியை விழுங்காமல் அதற்குமேல் சொல்ல வழியில்லை.

டீச்சர் விசிலைக்கூடத் தொடாமல் திரும்பிப் போனார். அதுதான் பயமாக இருந்தது. மறுநாள் விடிந்து பல் விளக்குவதற்குள் ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. மத்தியானம் மருந்துக்கடைக்காரரே கடைக்கு வந்து நின்றார்.

"என்ன டைலர், தைச்சுட்டீங்களாமே?"

"அண்ணே, உங்களுக்குத் தெரியுமே. நீங்க டீச்சர்கிட்ட ஒரு வார்த்தை..."

"எனக்குத் தெரியும்." அவர் கண்ணாடியில் தலையைச் சரிசெய்துகொண்டார். "ஆனா பாருங்க, நான் ஒண்ணும் பண்ண வேண்டாம். சும்மா இருந்தாலே போதும், இடம் வந்து மடியில விழுது. இந்த மாதிரி சும்மா இருக்கற வேலை யாருக்குக் கிடைக்கும்?" சிரித்துக்கொண்டே போய்விட்டார். அது கேலியா, நிஜமா என்று டைலருக்குப் பிடிபடவில்லை. அன்றைக்குப் போன் வந்தபோது மெஷின் ஓடவில்லை, ஆனாலும் கத்தினார்.

அந்த நாளும் வந்தது. கூட்டம் பாத்தி பாத்தியாக நகர்ந்து, கத்தரிச் செடியைப் பார்த்து, அவரைப் பந்தலைப் பார்த்து, வளைவுக்கு வந்தது. எல்லோர் கண்ணும் அந்தத் துணித் தொட்டில்மேல். அதே நேரம் வெளிப்பக்கமிருந்து, பஸ்ஸைவிட்டு இறங்கிய பையோடு டைலரின் மனைவியும் வந்து சேர்ந்தார்.

"டைலர்," என்றார் பெரிய டீச்சர். "அந்தத் துணியை அவிழ்த்துக் காட்டுங்க."

"டீச்சர், காம்பு தாங்குமான்னு..."

"ஒட்டினதா இருந்தா எப்படித் தாங்கும்?" என்று கூட்டத்தில் ஒரு குரல். சிரிப்பு.

டைலர் மருந்துக்கடைக்காரரைத் தேடினார். அவர் கடைசி வரிசையில் நின்று, மழை வருமா என்பதுபோல வானத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். டைலர் ஒரு கையைக் காய்க்கு அடியில் கொடுத்தார். இன்னொரு கையால் பக்கவாட்டுக் கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். துணி விலகியது. அடியில் கொடுத்த கையை எடுக்க அவருக்குத் துணிவு வரவில்லை. டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலை நீட்டி, காம்பைப் பிடித்துக் கொஞ்சம் அசைத்தார்.

"ஐயோ மெதுவா டீச்சர்!" கடைசி வரிசையிலிருந்து கூட்டத்தைப் பிளந்துகொண்டு மருந்துக்கடைக்காரர் ஓடிவந்தார். "பிச்சுடாதீங்க! என் மாடிப் பூவுல வந்தது அது!"

வந்தவர் சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருக்கத்தான் வரவில்லை. ஆண் பூவை எல்லாம் டைலர் கத்தரித்தது, சுவர் சுவராக எட்டிப் பார்த்தது, தான் நுரை வாயோடு கதவைத் திறந்தது, அளவுக்காக மார்க்கெட்டில் காய் வாங்கியது வரை, வெளியூர்க்காரர்களுக்கும் கேட்கும் குரலில், நடித்தே காட்டினார். டீச்சர் காம்பிலிருந்து கொடிவரை விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "வளர்ந்ததுதான்," என்று தீர்ப்புச் சொல்லி விசில் ஊதினார். பாத்தி தப்பியது.

டைலர் தப்பவில்லை. மனைவி பையைக் கீழே வைத்தார்.

"பூவை எல்லாம் வெட்டுனீங்களா?"

"டீச்சர்தான் நறுவிசா..."

"தினமும் தொங்குது தொங்குதுன்னு போன்ல கத்துனது?"

"தொங்கும்னு ஒரு நம்பிக்கைதான்."

அந்த அம்மா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கையிலிருந்த துணித் தொட்டிலை வாங்கினார். உள்பக்கம் திருப்பினார். காய் பெருக்கப் பெருக்கப் பிரித்துவிட உள்ளே துணி விட்டிருந்தது. ஓரம் மடித்து அடித்திருந்தது. கொக்கிக்குப் பட்டி வைத்திருந்தது.

"எனக்கு ஒரு ஜாக்கெட் தைக்கச் சொல்லி எவ்வளவு காலமாச்சு?" என்றார். "பூசணிக்காய்க்குக் கொக்கி, பட்டி எல்லாம் வெச்சிருக்கீங்க!"

கூட்டம் சிரித்தது. டைலர் இத்தனை நாளில் முதல் தடவையாக மூச்சு விட்டார். மனைவி தொட்டிலை மறுபடி மாட்டிக் கொக்கி போட்டார். பிறகு மருந்துக்கடைக்காரரிடம், "அண்ணே, வளைவோட அந்தப் பக்கத்துக் கால் சும்மாதான் இருக்கு. உங்க கொடியை அங்க ஏத்திவிடுங்க," என்றார். அவர் மறுபடியும் வானத்தைப் பார்க்க வேண்டியதாயிற்று.

இத்தனை பேர் கண்ணால் பார்த்தும், பேச்சு நிற்கவில்லை. போன வாரம்கூட, பேண்ட் நீளம் குறைக்க வந்த ஒருவர் கவுன்டரில் சாய்ந்துகொண்டு, கண்ணைச் சிமிட்டினார்.

"என்ன டைலர், கடைப் பூசணியைக் கொடியில வெச்சுத் தைச்சீங்களாமே?"

டைலர் மெஷினை நிறுத்தினார். டேப்பைத் தொடவில்லை.

"யோவ், தைக்கறதா இருந்தா அத்தனூண்டு காயையா வாங்கித் தைப்பேன்? ஊரே வாயைப் பொளக்கற மாதிரி பெருசா ஒண்ணு வாங்கித் தைச்சிருக்க மாட்டேன்? கடைக்காயை அன்னிக்கே பொரியல் பண்ணித் தின்னாச்சு. பேண்டை வெச்சுட்டுக் கிளம்புங்க."